கிணறு நிறைய, வயல் கருக

கேள்வி: ஐயா, யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் அப்பாவின் காணியை நாலு வருடமாக நான்தான் செய்கிறேன். தோட்டம் ஆறு பரப்பு. அதிலிருந்து இருநூறு மீற்றர் தள்ளி வயல் நாலு பரப்பு, மானாவாரி நெல். போன மாரியில் கார்த்திகை மழை நல்ல மழை. முற்றத்தில் வைத்த மழைமானியில் ஒரு கிழமைக்குள் 310 மில்லிமீற்றர் பார்த்தேன். அதற்குப் பிறகு இருபத்திநாலு நாள் ஒரு துளி இல்லை. நெல் பூக்கிற நேரம். வயல் வட்டம் வட்டமாகக் கருகியது, இடையிடையே பச்சைத் திட்டும் நின்றது. அதே நாட்களில் தோட்டக் கிணற்றில் பத்தடியில் தண்ணீர். இழப்பீடு கேட்கப் போனால், "மூன்று மாத மழை சராசரிக்குக் குறையவில்லை, வறட்சி என்று பதிய ஏலாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளிநொச்சியில் மச்சானின் வயலுக்கும் அதே இருபத்திநாலு நாள்தான், அங்கே ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வந்தது வறட்சியா, இல்லையா? இன்னொன்று: ஆடி மாதத்தில் வெங்காயத்துக்கு இறைத்தால் தண்ணீர் சவர்க்கிறது. நூறடிக்குக் குழாய்க்கிணறு அடிக்க முற்பணம் கொடுத்திருக்கிறேன். சரிதானே?

பதில்: தம்பி, உங்களுக்கு வந்தது வறட்சிதான். அந்த அலுவலர் சொன்னதும் பொய்யில்லை. அவர் வானத்தை அளந்தார், நீங்கள் வேரைப் பார்த்தீர்கள். குழாய்க்கிணறு வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் வயல்.

ஓர் இடத்தில் வழக்கமாகப் பெய்கிற மழையை விட குறிப்பிட்ட காலத்தில் நன்றாகக் குறைந்து பெய்தால், அது வானிலை வறட்சி. இதை அளக்க உலகமெங்கும் அதிகம் கையாளப்படுவது நியமப்படுத்திய மழைவீழ்ச்சிச் சுட்டெண். அமெரிக்காவின் கொலராடோவில் மெக்கீ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 1993ல் கொண்டுவந்தது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று விரும்பிய காலத்துக்கு மழையைக் கூட்டி, அதே காலத்துக்கான பழைய வருடங்களின் மழையோடு ஒப்பிடுவார்கள். பூச்சியம் வந்தால் வழக்கமான மழை. மைனஸ் ஒன்றுக்குக் கீழே போனால் வறட்சி என்று எடுத்துக்கொள்வார்கள். நல்ல கணக்குத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று மாதத்தைக் கூட்டும்போது உங்கள் 310 மில்லிமீற்றரும் கூட்டலுக்குள் போகிறது. அந்த ஒரு கிழமை மற்றப் பதினொரு கிழமையையும் தூக்கிப் பிடித்துவிடும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. குடாநாட்டுக்கு வருட மழையே சராசரியாக 1250 மில்லிமீற்றர் அளவுதான். அப்படிப்பட்ட ஒரு நாள் வந்துவிட்டால், அந்த மாரி முழுதும் ஏட்டில் ஈரமாகத்தான் தெரியும்.

விவசாய வறட்சி வேறு. பயிரின் வேர் நிற்கிற மண்ணில், அதற்குத் தேவையான நேரத்தில் ஈரம் இல்லாமல் போவது. மழை குறைந்தால் முதலில் மண் காயும், பிறகு பயிர் வாடும், பிறகு குளமும் கிணறும் இறங்கும். பாடப்புத்தகத்தில் இந்த வரிசைதான் இருக்கும். ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக எவ்வளவு நாள் எடுக்கும் என்பதை நடுவில் உள்ள மண் தீர்மானிக்கிறது. ஆழமான களிமண் என்றால் மழை நின்றபிறகும் வாரக்கணக்கில் பயிரைத் தாங்கும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும். சுண்ணக்கல்லின் மேல் கிடக்கும் மெல்லிய மண் அப்படித் தாங்காது. வானிலைக் கணக்கில் "கொஞ்சம் மழை விட்டிருக்கிறது" என்ற அளவில் இருக்கும்போதே வயலில் வறட்சி முடிந்த கதையாகிவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

மண் ஏன் இப்படி மெல்லிசாக இருக்கிறது? வீட்டு மதிலில் உடைந்த சுண்ணக்கல் ஒன்று இருக்கும். புது முறிவில் தேசிக்காய்ப் புளி நாலு துளி விட்டுப் பாருங்கள். மெல்ல நுரைக்கும். மழைநீர் அவ்வளவு புளிப்பில்லை. என்றாலும் காற்றிலும், அதைவிட அதிகமாக மண்ணிலும் இருக்கிற கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகத்தான் கல்லுக்குள் இறங்குகிறது. லட்சக்கணக்கான வருடம் அப்படி இறங்கினால் வெடிப்புகள் குழாய்களாகின்றன, குழாய்கள் குகைகளாகின்றன. மற்றப் பாறை உக்கினால் மண்ணாகும். சுண்ணக்கல் கரைந்தால் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும், மிஞ்சுவது அதற்குள் இருந்த கொஞ்சம் களியும் இரும்பும்தான். நம் செம்மண் அந்த மிச்சம். இப்படிக் கரைந்து ஓட்டையான நிலத்தைத்தான் உலகம் கார்ஸ்ட் என்கிறது. ஸ்லோவேனியாவில் உள்ள கிராஸ் என்ற மேட்டுநிலத்தின் பெயர் அது. நம் நிலாவரைக் கிணறும், ஊரெழுப் பொக்கணைக் கிணறும், கீரிமலை ஊற்றும் அதே குடும்பம்.

பழைய கல்லுடைத்த பள்ளம் ஒன்று உங்கள் பக்கம் கட்டாயம் இருக்கும். உள்ளே இறங்கி அதன் சுவரைப் பாருங்கள். நான் மாணவர்களைக் கூட்டிப்போனால் முதலில் காட்டுவது அந்தச் சுவரைத்தான். மேலே ஒரு முழம் சிவப்பு, கீழே வெள்ளை. ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு நேராக இருக்காது, பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கும். ஓரிடத்தில் கல் மேலே முட்டிக்கொண்டு நிற்க, அரை அடிதான் மண். ஒரு பாகம், அதாவது இரு கையும் விரித்த நீளம், தள்ளிப் பார்த்தால் கல்லிலே குழி, அதற்குள் நாலடிக்குச் செம்மண் இறங்கியிருக்கும். மேலே நின்று பார்க்கிற கமக்காரனுக்கு இரண்டும் ஒரே தரை.

இப்போது உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரிக்கு வருகிறேன். "வட்டம் வட்டமாகக் கருகியது, இடையிடையே பச்சைத் திட்டு." நோயோ பூச்சியோ என்று மருந்து அடிக்காமல் விட்டீர்களே, அதற்கே பாராட்ட வேண்டும். கருகிய வட்டம் கல் மேலே வந்திருக்கிற இடம். பச்சைத் திட்டு மண் நிறைந்த குழி. நம்பாவிட்டால் ஓர் அலவாங்கை எடுங்கள். முதல் மழைக்குப் பிறகு, நிலம் இளகி இருக்கிறபோது, வயலில் ஆறு பாகத்துக்கு ஓரிடமாகக் குத்துங்கள். ணங் என்று கேட்கிற இடத்தில் நிறுத்தி, எத்தனை அங்குலம் இறங்கியது என்று ஒரு கொப்பியில் படமாகக் குறியுங்கள். இரண்டு மணித்தியால வேலை. இந்தப் படம் கையில் இல்லாமல் சுண்ணக்கல் நிலத்தில் விவசாயம் செய்வது, வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் காசோலை எழுதுகிற மாதிரி.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் வயலில் சராசரி மண் ஒன்றரை அடி, அதாவது 45 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். இந்தமாதிரி மண் ஒரு சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் நீரைப் பயிர் எடுக்கக்கூடிய விதமாகப் பிடிக்கும். ஆக மொத்தம் 45 மில்லிமீற்றர். நீங்கள் அளந்த 310ல் இதுதான் உங்களுடையது. மிச்சம் 265, நீங்கள் கண்மூடித் திறக்க முன்னம் வெடிப்புக்குள் இறங்கிவிட்டது. அந்தக் கிழமை 310க்குப் பதிலாக 620 பெய்திருந்தாலும் மண்ணில் நின்றிருப்பது அதே 45தான்.

மார்கழியில் நெல்லும் மண்ணும் சேர்ந்து நாளுக்கு நாலு மில்லிமீற்றர் அளவில் ஆவியாக்கும். வாடைக்காற்று உலர்ந்து வீசினால் கூடவும் கூடும். 45ல் பாதி குறைந்ததும் பயிருக்கு இழுப்பது கடினமாகிவிடும், அது ஆறாம் நாளுக்குள். பதினோராம் நாள் மண் என்ற பெட்டி காலி. அதற்குப் பிறகும் உங்கள் நெல் பதின்மூன்று நாள் நின்றிருக்கிறது, அதுவும் பூ நேரத்தில். நெல் மற்றத் தானியங்களை விடப் பொறுமை குறைந்த பயிர், பூக்கிறபோது வாடினால் கதிர் பதராகும். சரி, குழியில் நின்ற நெல்? அங்கே மூன்றரை அடி மண் என்று வையுங்கள். வேர் அவ்வளவு ஆழம் போகாவிட்டாலும் அடியிலிருந்து ஈரம் மெல்ல மேலேறிக்கொண்டிருக்கும். அதனால்தான் பச்சை.

மச்சானின் வயலும் இதே விதிதான். மண் ஆழம், களி கூட. இரணைமடுவின் கீழ் என்றால் பின்னால் ஒரு குளமும் நிற்கிறது. அவருக்கு இருபத்திநாலு நாள் மழையில்லாதது ஒரு செய்தி மட்டும்.

"பத்தடியில் தண்ணீர் நிற்க, மேலே பயிர் எப்படிக் கருகும்?" என்று நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுதும் அந்தக் கேள்விதான் ஓடுகிறது. ஆற்றுப் படுகை மண்ணில் நீர்மட்டம் ஐந்தாறு அடியில் இருந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, மண்ணின் நுண்துளைகள் வழியே நீர் மேலேறி வேருக்கு வந்து சேரும். சுண்ணக்கல்லில் அந்தத் திரி நடுவில் அறுந்துபோய்க் கிடக்கிறது. மண்ணுக்குக் கீழே இருப்பது விரல் நுழைகிற வெடிப்பும் கை நுழைகிற ஓட்டையும். அவற்றில் நீர் கீழே விழும், மேலே ஏறாது. கிணறு ஒரு கணக்கு, மண் இன்னொரு கணக்கு, இரண்டுக்கும் நடுவில் பரிமாற்றமில்லை. பரிமாற்றம் செய்யக்கூடியவை மரங்கள்தான். பாறையின் மேல் சில அடி நொறுங்கிப் பொத்தலாகி இருக்கும், அந்தப் பொத்தலில் கொஞ்சம் ஈரம் தங்கும். பனையும் ஆலும் வேரை அந்த வெடிப்புக்குள் விட்டு உறிஞ்சும். வயல் கருகிய அன்று வேலியோரப் பனை ஒன்றாவது வாடினதா, யோசித்துப் பாருங்கள்.

இறங்கிய 265 மில்லிமீற்றர் கிணற்றில் ஏறியதை நீங்களே கண்டிருப்பீர்கள், மழை விட்ட அன்றிரவே தெரியும். ஆனால் அது அங்கே நிற்காது. ஓட்டைகள் வழியே கடலுக்கு நடந்துகொண்டே இருக்கும். கீரிமலைக் கேணியில் வருகிற ஊற்று அப்படிக் கடலுக்குப் போகிற நீர்தான். மாரியில்தான் இந்த ஓட்டம் அதிகம்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் வந்த விதியில்லை. உலகில் அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று மேகாலயாவின் சிரபுஞ்சி. அங்கே வருடத்துக்குப் பதினோராயிரம் மில்லிமீற்றர் போல் பெய்தும், மழை விட்ட மாதங்களில் பெண்கள் குடத்தோடு ஊற்றைத் தேடி நடக்கிறார்கள். மெல்லிய மண், சரிவு, தெற்கே சுண்ணக்கல். தென்மேற்குச் சீனாவில் குய்ச்சோ, யுன்னான், குவாங்சி பகுதிகள் வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்குக் குறையாமல் மழை காண்பவை, அவற்றில் பரந்த இடம் கார்ஸ்ட். 2009 இலையுதிர் காலத்தில் தொடங்கி 2010 வசந்தம் வரை மழை பொய்த்தபோது ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குக் குடிதண்ணீரே இல்லாமல் போனது. அங்கே காட்டை அழித்த மலைகளில் மண் முழுதும் கல்லிடுக்கில் கழுவுண்டு வெறும் பாறை மிஞ்சிய இடங்களைக் "கல்பாலை" என்றே சொல்கிறார்கள். மழை விட்டால் மண்ணீரம் எவ்வளவு நாளில் விழுகிறது என்று அங்கே நிறையப் பேர் ஆராய்ந்திருக்கிறார்கள். பொதுவாகப் பயிர் வளர்கிற வெப்ப மாதங்களில் மிகக் குறுகிய காலத்திலும், குளிர் மாதங்களில் மெதுவாகவும் விழுகிறது. அந்த ஊர்க் கமக்காரர் கண்ட வழி, வயலோரத்திலும் வீட்டோரத்திலும் சீமெந்து பூசிய சிறு தொட்டிகள். நிலம் பிடிக்காத தண்ணீரை நிலத்துக்கு மேலே பிடித்து வைத்துவிட்டார்கள்.

உங்களுக்குத் தொட்டி கட்டத் தேவையில்லை. மார்கழியில் உங்கள் தொட்டி, அந்த இருநூறு மீற்றரில் நிற்கிற கிணறுதான். நான் சொல்லப்போவதைக் கேட்டு உங்கள் அப்பா சிரிப்பார், "நெல்லுக்கு இறைக்கிறதோ? உலகம் சிரிக்கும்" என்பார். சிரிக்கட்டும். தோட்டத்துக்குத்தான் இறைப்பு, வயல் மழைக்கு விட்டது என்பது துலாவும் பட்டையும் இருந்த காலத்து ஒழுங்கு. மனிதன் துலா மிதித்து நெல்லுக்கு இறைத்தால் கட்டாது, சரி. இன்று உங்களிடம் மிசின் இருக்கிறது.

மழை நின்று ஆறாம் நாள், 25 மில்லிமீற்றர் அளவுக்கு ஓர் இறைப்பு. நாலு பரப்பு என்றால் ஆயிரம் சதுர மீற்றர் என்று வைக்கலாம், ஆக 25,000 லீற்றர். நீளக் குழாயில் விசை குறையும், அதனால் உங்கள் மிசின் எவ்வளவு தள்ளுகிறது என்பதை வயல் முனையில் வைத்து அளவுங்கள். 200 லீற்றர் பரல் ஒரு நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 12,000. இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. போன மாரியில் ஆறாம் நாள், பன்னிரண்டாம் நாள், பதினெட்டாம் நாள் என மூன்று முறை இறைத்திருந்தால் உங்கள் கதிர் தப்பியிருக்கும். ஒரே முறையில் 75 மில்லிமீற்றர் விட்டு வேலையை முடிக்கலாமே என்று நினைக்க வேண்டாம். ஆறு நாளில் மண்ணில் காலியான இடம் 24தான், மிச்சம் போட்ட யூரியாவையும் கூட்டிக்கொண்டு கிணற்றுக்கே திரும்பும். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, குடிநீருக்கு ஏற்ற லீற்றருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டி நிற்பது இப்படித்தான். கைக்குழந்தை இருக்கிற வீடுகளில் இது விளையாட்டில்லை.

மார்கழியில் எடுக்கிற தண்ணீர் முழுதும் இலவசம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதில் ஒரு பங்கு எப்படியும் கடலுக்குப் போக இருந்த தண்ணீர். ஆடியில் எடுக்கிற ஒவ்வொரு லீற்றருக்கும் உப்பால் விலை கொடுக்கிறீர்கள். ஒரே கிணறு, ஒரே மிசின், மாதம்தான் வேறு.

நெல் இனத்தையும் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். மூன்றரை மாத நெல்லைப் புரட்டாதியில் புழுதி விதைப்பாக விதைத்தால் பூ மார்கழியில் வருகிறது, மழை இடையில் விட்டுப்போகிற காலம். மூன்று மாத நெல் போட்டால் பூ கார்த்திகைக் கடைசிக்கு முன்னேறும். ஆனால் அப்போது பூவில் அடைமழை அடித்தாலும் பதர்தான், அறுவடையும் ஈரத்தில் மாட்டலாம். அதனால் ஒரு பரப்பில் மட்டும், அலவாங்குப் படத்தில் மண் மெல்லிசான பக்கத்தில், ஒரு போகம் செய்து பாருங்கள். நம் பழைய மொட்டைக்கறுப்பன் நெல்லை விட்டுவிடச் சொல்லவில்லை, அதை ஆழமான பக்கத்துக்கு மாற்றுங்கள். கஞ்சிக்கு அது வேண்டும்.

இழப்பீட்டுக்கு அடுத்த முறை போகும்போது மாத மழையைப் பற்றி வாதாட வேண்டாம், அதில் அவர்கள் பக்கம் கணக்கு இருக்கிறது. நாள் மழை எழுதிய கொப்பியைக் கொண்டுபோங்கள். எந்தத் திகதியில் பூ எடுத்தது, அதைச் சுற்றி எத்தனை நாள் தொடர்ந்து மழையில்லை, மண் எத்தனை அங்குலம் என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி, கருகிய வட்டத்தின் படத்தையும் திகதியோடு வையுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை வட்டம் தெரிகிற நாட்களிலேயே கூட்டிவந்து காட்டுங்கள். அறுத்த பிறகு எல்லா வயலும் ஒரே மாதிரி. பணம் கிடைக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பத்து நாள் மழைக் கணக்கைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் கூடினால்தான் கேள்வியே மாறும்.

இனிக் குழாய்க்கிணறு.

மாரியில் வேகமாக வந்த வறட்சி, கோடையில் மெதுவாக, வேறு முகத்தோடு வருகிறது. இது கிணற்றின் வறட்சி, மட்டத்தை வைத்துப் பிடிக்க முடியாது. நம் நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்னர் ஒரு டச்சுக்காரரும் ஒரு ஜேர்மன்காரரும் தனித்தனியே கண்டுபிடித்த விதி ஒன்று உண்டு: நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பது மீற்றர் வரை அது இறங்கியிருக்கும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். கோடையில் மேலே அரை மீற்றர் குறைந்தால் கீழே உப்பு இருபது மீற்றர் ஏற இடமுண்டு. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற உங்களுக்கு ஒன்றரை அடி இறக்கம்தான் தெரியும், "பரவாயில்லை, தண்ணி நிக்குது" என்று மிசினைப் போடுவீர்கள். கல் ஓட்டையும் குழாயுமாக இருப்பதால், இந்த விதி சொல்கிற ஆழத்துக்கு முன்னமே உப்பு ஏதாவதொரு வழியால் வந்துவிடுவதும் உண்டு.

ஆடியில் உங்கள் நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் அரை மீற்றர் என்று வைத்தால், நல்ல தண்ணீர் இருப்பது இருபது மீற்றர் ஆழம் வரை. நூறடி என்பது முப்பது மீற்றர். நிலமட்டம் கடலிலிருந்து சில மீற்றர்தான் உயரம் என்பதைக் கழித்தாலும், நீங்கள் காசு கொடுத்து உப்புக்குள் துளை போடப் போகிறீர்கள். நவக்கிரி நிலாவரைக் கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். இராமர் அம்பு விட்ட இடம் என்பார்கள், அடியில்லை என்பார்கள். அடி இருக்கிறது. மேலே இனிப்பு, ஆழத்தில் உவர். இந்த நிலத்தில் ஆழம் என்றால் என்ன என்று காட்டுகிற பாடம் இலவசமாக அங்கே திறந்து கிடக்கிறது.

நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ளவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், தண்ணீர் போதவில்லை என்று வந்த ஒருவருக்கு, இன்னும் எட்டடி ஆழமாக்குங்கள் என்று நானே சொன்னேன். வெடி வைத்து ஆழமாக்கினார். தண்ணீர் நிறைய வந்தது. இரண்டாம் கோடையில் அவருடைய மிளகாய் இலை ஓரமெல்லாம் எரிந்து நின்றது. மனுஷன் ஒரு வார்த்தை ஏசவில்லை, ஒரு செம்பில் அந்தத் தண்ணீரை எடுத்துக் குடிக்கத் தந்தார். அதற்குப் பிறகு நான் யாருக்கும் ஆழமாக்கச் சொன்னதில்லை.

செய்ய வேண்டியது இது. தண்ணீரின் உப்பை மின்கடத்துதிறனாகக் காட்டுகிற, கையில் பிடிக்கிற ஈ.சி. மீற்றர் ஒன்று வாங்குங்கள், அல்லது பங்குக் கிணறு என்றால் பங்காளிகள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். இறைக்கத் தொடங்கும்போது ஒன்று, முடிக்கும்போது ஒன்று என்று அளந்து எழுதுங்கள். வெங்காயம் உப்புக்கு மிகவும் கூசுகிற பயிர். நீரின் மின்கடத்துதிறன் 800 மைக்ரோசீமன்ஸ் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும், 1200ல் பத்தில் ஒரு பங்கு போகும், 2900ல் பாதி போகும். முடிக்கும்போது உள்ள எண் தொடங்கும்போதைவிட ஏறியிருந்தால், உங்கள் மிசின் கீழேயிருந்து உப்பைக் கூம்பாக மேலே இழுக்கிறது என்று அர்த்தம். நாலு மணித்தியாலம் தொடர்ந்து ஓட்டுவதைக் காலை ஒன்றரை, பின்னேரம் ஒன்றரை என்று உடையுங்கள். வெங்காய வேர் ஓரடிக்குள்தான், அதற்கு மூன்று நாளுக்கு ஒருக்காச் சிறு இறைப்புப் போதும். காலை இறைப்பைச் சோளகக்காற்று எழும்ப முன்னம் முடியுங்கள்.

எண் 1200ஐத் தாண்டி நிற்கிற கிணறு என்றால் கோடை வெங்காயத்தை விட்டுப் பீற்றூட் போடுங்கள், அது 2500 வரை முகம் சுளிக்காது. கரட்டும் போஞ்சியும் வெங்காயத்தைப் போலத்தான், உப்புத் தாங்காது.

அப்புறம் மண். குழை தாழ்க்கிற பழக்கத்தை உங்கள் தலைமுறை விட்டுவிட்டது. பூவரசங்குழை, கிளிசரியா, காய்ந்த பனையோலை எல்லாவற்றையும் தோட்டத்தில் கிடங்கு வெட்டித் தாழ்த்தியவர்கள் உரத்துக்காக மட்டும் செய்யவில்லை. பெட்டி சின்னது என்று தெரிந்து, பெட்டியைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடத்தில் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம். ஐந்தாறு வருடம் விடாமல் செய்தால் சில மில்லிமீற்றர் கூடும். சில மில்லிமீற்றர் என்றால் ஒரு நாள், ஒன்றரை நாள். அந்த ஒன்றரை நாளுக்காக வயலில் நின்று வானத்தைப் பார்த்தவர் நீங்கள், உங்களுக்கு அதன் விலையை நான் சொல்லத் தேவையில்லை. கல் மேலே முட்டுகிற இடங்களில் முதலில் போடுங்கள். வெங்காயத் தறைக்கு மேலே வைக்கோலும் ஓலையும் பரப்பினால் அது உடனே பலன் தரும்.

உங்கள் ஊர்க் குளம் தூர்ந்து கிடந்தால், அதைத் தூர்வாரச் சொல்லிக் கேளுங்கள். சுண்ணக்கல் குளம் ஒழுகும். "ஒழுகிற குளத்தைத் திருத்தி என்ன" என்று யாராவது சொன்னால், ஒழுகுவது சுற்றியுள்ள கிணறுகளுக்குள்தான் என்று சொல்லுங்கள். 2016 மாரி பொய்த்து 2017ல் வடக்கெல்லாம் தவித்த மாதிரி ஒரு வருடம் வந்தால், நான் மேலே சொன்ன ஆறாம் நாள் இறைப்பும் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். அப்படியான வருடத்தில் மார்கழிக் கிணறே முழுதும் நிரம்பியிருக்காது. அந்த வருடம் நாலு பரப்பையும் பிடித்துக்கொண்டிருக்காமல், ஆழமான பக்கத்து ஒன்றரைப் பரப்புக்கு மட்டும் இறைத்து மற்றதை மாட்டுக்கு விடுங்கள்.

ஐப்பசி முதல் மழைக்குப் பிறகு அலவாங்குப் படத்தை எனக்கு அனுப்பி வையுங்கள், எந்தத் திட்டில் எதைப் போடலாம் என்று சேர்ந்து பார்க்கலாம். அதற்கு முன்னம், நாளைக்கே, குழாய்க்கிணறு அடிக்கிறவரிடம் போய் முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். முழுதும் தரமாட்டார். பாதி தந்தாலும் வாங்கிக்கொண்டு வாருங்கள், ஈ.சி. மீற்றருக்கு அது காணும்.